ஏழாம் எண் ரத்தம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஆய்வகத்திலிருந்து பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு வந்த பெண் அவள்.

"அக்கா, ரத்தம் குடுத்தவங்கள்ல ஒரு டோனரோட செல்லு மட்டும் வளரவே மாட்டேங்குது. மத்ததெல்லாம் நல்லா வந்திருக்கு. என் கைத் தப்பாத்தான் இருக்கும், இல்லக்கா? இந்த ரீடிங்க விட்டுட்டு அடுத்த மாசம் பாத்துக்கிறவா?"

என் கை புளித்தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. "விட்டுராத. இன்னைக்கே மேல சொல்லு. போன வச்சிட்டு நேரா எந்திரிச்சுப் போ" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள், "ஏங்க்கா இம்புட்டுப் பதறுறீக?" என்று கேட்டாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தால்தான் அடுத்த அடி வைப்பேன். "ஸ்டெல்லா இழுக்குற இழுப்புக்கே அந்தப் பூட்டு ஒருநாள் கையோட வந்துரும்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். விலங்கியல் படித்தேன், ஆய்வகத் தொழில்நுட்பத்தில் ஒரு டிப்ளமோ முடித்தேன், சில வருடம் ரத்த வங்கியில் ஊசி குத்தினேன், பிறகு தேனிக்கு வெளியே இருந்த அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தேன். சேர்ந்த இடத்திலேயே தலை நரைத்துவிட்டது. இந்தப் பயம் அங்கே எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. குழாயில் ஒட்டிய எண்ணை மூன்று தடவை படிப்பவளுக்கு ஆய்வகத்தில் மரியாதை உண்டு.

எங்கள் தலைமை விஞ்ஞானி டாக்டர் கனகவல்லி. எல்லாருக்கும் மேடம். ஒருநாளும் திட்டமாட்டார். யாராவது ஓடிப்போய் ஒரு முடிவைக் காட்டினால், கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "எத்தனை தடவை?" என்று கேட்பார். அவ்வளவுதான். ஒரு தடவை என்று சொன்னால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மூன்று தடவை என்றால் உட்காரச் சொல்வார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நாங்கள் எதையும் பாதியில் கொண்டுபோய் நீட்டமாட்டோம்.

அப்போது நாங்கள் சீம்பாலில் வேலை செய்துகொண்டிருந்தோம். புரதம் என்பது ஒரு நீளமான சங்கிலி. அதை நொதி போட்டு வெட்டினால் ஐந்து கண்ணி, பத்துக் கண்ணி நீளத்தில் சின்னத் துண்டுகள் கிடைக்கும். அவைதான் பெப்டைடு. முழுச் சங்கிலி செய்யாத வேலையை இந்தத் துண்டுகளில் சில செய்யும். நம் ரத்தத்தில் நோயோடு மல்லுக்கு நிற்கும் வெள்ளை அணுக்களை 'பெருகு' என்று உசுப்பிவிடும் துண்டும் உண்டு, 'போதும் அடங்கு' என்று உட்கார வைக்கும் துண்டும் உண்டு. பிறந்த கன்றுக்கு முதல் தெம்பு சீம்பாலிலிருந்துதானே வருகிறது? மலை மாட்டுச் சீம்பாலில் இருக்கும் துண்டுகள் மனித அணுக்களை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி.

சீம்பால் கொண்டுவருவது எங்கள் ஜீப் ஓட்டுநர் பால்பாண்டியின் வேலை. பண்ணைப்புரத்துக்காரர். கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் மாட்டுக்கிடை போட்டிருப்பவர்களிடம், மாடு கன்று போட்ட செய்தி கிடைத்ததும் ஐஸ் பெட்டியோடு ஓடுவார். எங்கள் பக்கத்தில் சீம்பாலை விலைக்குக் கொடுக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்துக்குச் சும்மாதான் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது, உள்ளே ஏதாவது போட்டுத்தான் தர வேண்டும். பால்பாண்டி ஒவ்வொரு தடவையும் தூக்குவாளியைக் கழுவித் துடைத்து, ஒரு அச்சு வெல்லத்தைப் போட்டுத்தான் கொண்டுபோவார். "விஞ்ஞானமா இருந்தா என்னக்கா, சட்டியக் காலியா நீட்டுனா கிடைக்கார ஆத்தா என்ன நெனைக்கும்?" என்பார்.

வெள்ளை அணுக்களுக்கு ரத்தம் எங்களுடையதுதான். அந்தக் கூடத்தின் வழக்கம் அது. வேலை செய்பவர்களில் பன்னிரண்டு பேர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஆளுக்கொரு குழாய் கொடுப்போம். பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யார் என்று மேடத்துக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஊசி குத்துகிறவள் நான் என்பதால் எனக்கு மட்டும் தெரியும். ஏழாம் எண் பால்பாண்டி.

குழாய் வந்ததும் ரத்தத்தை உப்புநீரில் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். அதைவிடக் கனமான ஒரு திரவத்தின் மேல், குழாயின் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இரண்டும் கலந்தால் போச்சு. பிறகு முப்பது நிமிடம் சுழல்பொறி. அது தானாகவே நிற்க வேண்டும், பிரேக் போடக்கூடாது. வெளியே எடுத்தால் சிவப்பு அடியில் இறங்கியிருக்கும், நடுவில் மெல்லிசாக ஒரு வெள்ளை வளையம் மிதக்கும். அந்த வளையம்தான் நமக்கு வேண்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் உறிஞ்சி, இரண்டு முறை கழுவி, நுண்ணோக்கியில் எண்ணி, எல்லாருடைய அணுவும் ஒரே அளவில் இருக்கும்படி சரிசெய்து, தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டில் விடுவேன். பீன்ஸ் விதையிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சேர்த்தால் அணுக்கள் பெருக ஆரம்பிக்கும். பாதிக் குழிகளில் பெப்டைடும் சேரும், பாதியில் சேராது. உடம்புச் சூட்டில் மூன்று நாள். கடைசியில் மஞ்சள் சாயம். உயிரோடு பெருகிய அணு அந்த மஞ்சளைக் கத்தரிப்பூ நிறமாக மாற்றும். பெருகாத குழி மஞ்சளாகவே கிடக்கும்.

ஆடி மாதத் தட்டில் பதினோரு பேருடைய குழிகளும் கத்தரிப்பூவாக இருந்தன. ஏழாம் எண் மஞ்சளாகக் கிடந்தது.

என் கணக்கு தப்பு, அணுக்களைக் குறைவாக விட்டிருக்கிறேன் என்றுதான் உடனே நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. மேடம் கண்ணாடியைத் துடைக்கும் காட்சி கண் முன்னால் வந்தது. பேரேட்டில் ஏழாம் எண்ணுக்கு நேரே 'எண்ணிக்கைப் பிழை, நீக்கப்பட்டது' என்று எழுதினேன். அப்படி எழுத எனக்கு அதிகாரம் உண்டு, யாரும் கேட்கப்போவதில்லை. ஆவணியில் எண்ணிக்கையை மூன்று முறை சரிபார்த்துத்தான் விட்டேன். அப்போதும் மஞ்சள். மறுபடியும் 'பிழை' என்று எழுதினேன். எழுதும்போதே இது பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை பொய் எழுதியாகிவிட்டது, இரண்டாவதில் உண்மையை எழுதினால் முதலாவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஒரு பயம்தான்.

பழனிசெட்டிபட்டி நிறுத்தத்தில் தினமும் காலை எட்டேகாலுக்குப் பால்பாண்டி என்னை ஏற்றிக்கொள்வார். பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும் என்று முன் இருக்கையை எனக்கென்றே விட்டுவைத்திருப்பார். அந்த மாதங்களில் நான் அவர் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தேன். கன்னம் உப்பி முகம் வட்டமாகியிருந்தது. "அண்ணனுக்கு மாப்ளக் களை வந்துருச்சு" என்று பின்னாலிருந்து பையன்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். குதிகாலில் செருப்பு கடித்த புண் ஒன்று ஆறாமல் இருந்தது. வெள்ளை அணு வளராத உடம்பு, ஆறாத புண். எனக்குத் தெரிந்த கெட்ட நோய்களின் பெயரெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் ஓடும். அவர் பாட்டுக்கு மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார். நான் 'ம்' போட்டுக்கொண்டு வருவேன்.

புரட்டாசித் தட்டில் வேறொரு துண்டைப் போட்டோம், ஒரு மாற்றம் தெரிந்தது. பெப்டைடு போடாத குழிகளில் ஏழாம் எண் மஞ்சள்தான். பெப்டைடு போட்ட குழிகளில் கத்தரிப்பூ நிறம் ஏறியிருந்தது. மற்ற பதினோரு பேருக்கும் பெப்டைடால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. சோர்ந்துபோன அணுக்களை மட்டும் அந்தத் துண்டு எழுப்பிவிட்டதுபோல் இருந்தது. இதை மறைக்க முடியாது. மறைக்க எனக்கு மனமும் இல்லை. இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு தட்டை நான் பார்த்ததில்லை.

மேடம் தட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முதல் சந்தேகம் எப்போதும் தண்ணீர் மேல்தான். செத்த பாக்டீரியாவின் மிச்சம் தண்ணீரில் கொஞ்சம் இருந்தாலே அணுக்கள் உசும்பிவிடும், நாம் பெப்டைடுக்கு மாலை போட்டுக்கொண்டிருப்போம். அந்தச் சோதனையைச் செய்துவிட்டேன், தண்ணீர் சுத்தம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனை தடவை?"

"ஏழாம் எண்ணுக்கு இதுதான் முதல் தடவை, மேடம்" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நாக்கு கூசியது, ஆனாலும் சொன்னேன்.

"பெப்டைடு போடாத குழி ஏன் இவ்வளவு மோசமா இருக்கு? இந்த ஆள் நல்லாத்தான இருக்காரு?"

"வேலைக்கு வந்துக்கிருக்காரு, மேடம்."

மேடம் யோசித்தார். "ஒரு தடவையை வச்சு ஒரு மனுஷனைப் பயமுறுத்த முடியாது. அடுத்த மாசமும் இப்படியே வந்தா அவரை டாக்டர்கிட்ட அனுப்பிருவோம், எண் வெளிய தெரிஞ்சாலும் பரவாயில்ல" என்றார். அவர் சொன்னது சரி. அது முதல் தடவையாக இருந்திருந்தால் சரி. மூன்றாவது தடவை என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பார்.

ஐப்பசி முதல் திங்கட்கிழமை வரை என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை காலை, வண்டி நின்று மற்றவர்கள் இறங்கிய பிறகு, அவரைக் கேட்டேன்.

"பால்பாண்டி, மருந்து மாத்திரை எதும் சாப்பிடுறீகளா?"

"மருந்தா? அதெல்லாம் கெடையாதுக்கா. முழங்காலுக்குப் பொடி மட்டுந்தான்." டாஷ்போர்டைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். மேலே மலையாள எழுத்து. "கிடைக்கார ஆத்தா குடுத்துச்சு. நம்ம வெல்லம் போட்டுக் குடுக்கமுல்ல, பதிலுக்கு அதுவும் வாளில எதாச்சும் போட்டு விடும். வைகாசில இருந்து காலைல ஒரு ஸ்பூன். கிளட்ச் மிதிக்க முடியாமக் கெடந்த காலு, இப்பப் பாருங்க!" வண்டியிலிருந்து குதித்து, இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து காட்டினார். "ரத்தங் குடுக்குற அன்னைக்கு ரெண்டு ஸ்பூன் போட்டுக்குவேன். நம்ம ரத்தம் நல்லாருந்தாத்தான மேடத்துக்கு ஆராய்ச்சி நல்லா வரும்?"

இப்படிப்பட்ட பொடிகளில் சிலவற்றில் ஸ்டீராய்டைக் கலந்துவிடுவார்கள். வலி உடனே போய்விடும், முகம் ஊதும், புண் ஆறாது, வெள்ளை அணுக்கள் அடங்கிப் படுத்துவிடும். எல்லாம் பொருந்தியது. நான் பயந்த கெட்ட நோய் எதுவும் இல்லை, வெறும் பொடிதான்! அந்த நிம்மதியில் எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. "இத இன்னையோட விட்டுருங்க. ஒரு சிட்டிகை வாயில போடக்கூடாது. சொல்லிட்டேன்" என்று அதட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "சரிக்கா, நீங்க சொன்னா சரிதான்" என்று தலையாட்டினார். என் பேச்சைத் தட்டாத மனிதர்.

ஸ்டீராய்டு அணுக்களை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் அது உள்ளே போகும்போது உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும், அதனால் ஒரே நாளில் விடக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்பதை நான் படித்ததில்லை. தெரியாததைக் கேட்பதற்குப் பத்தடி தூரத்தில் மேடம் இருந்தார். கேட்டால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும் என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் சோர்வாக இருந்தார். சனிக்கிழமை வாந்தி என்று காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு உத்தமபாளையம் சாலையிலிருந்து அலுவலகத்துக்குப் போன். ஜீப்பைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து இறங்கியவர் அப்படியே சரிந்துவிட்டாராம். பக்கத்தில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்தான் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள்.

நானும் மேடமும் போய்ச் சேர்ந்தபோது அவர் மனைவி முத்துமாரி வார்டு வாசலில் நின்றாள். "நேத்துல இருந்து ஒண்ணும் ஒடம்புல ஒட்டலக்கா. கை காலெல்லாஞ் சில்லுண்டு இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே குளுக்கோஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. வாந்தியால் நீர்ச்சத்து குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். இரண்டாவது பாட்டில் ஏறியும் ரத்த அழுத்தம் மேலே வரவில்லை. பால்பாண்டி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், ஆனால் அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. நர்ஸ் இளம்பெண், அவள் நடை வேகமாகிக்கொண்டே போனது.

நான் விடச் சொன்ன மறுநாளிலிருந்துதான் இதெல்லாம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணமும் வந்தது, வந்ததை மறைக்கமாட்டேன். மேடத்தின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"மேடம், அவரு பொடி சாப்பிட்டுக்கிருந்தாரு. மூட்டுவலிப் பொடி. நான்தான் வியாழக்கிழமை நிறுத்தச் சொன்னேன்."

"எவ்வளவு நாளாச் சாப்பிட்டாரு?"

"வைகாசில இருந்து."

மேடம் கண்ணாடியைத் தொடக்கூட இல்லை. நேராக டாக்டரிடம் போய், ஸ்டீராய்டு கலந்த பொடியாக இருக்கலாம், ஐந்து மாதம் சாப்பிட்டுத் திடீரென்று விட்டிருக்கிறார் என்று சொன்னார். டாக்டர் பாதி வாக்கியத்திலேயே நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார். பால்பாண்டியின் உடம்பு சுரக்க மறந்ததையே ஊசியாகப் போட்டார்கள். நான் சுவரில் சாய்ந்து, ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் வார்த்தை மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். சாயங்காலம் நாலரை மணி வாக்கில் அழுத்தம் ஏறியது. பால்பாண்டி தண்ணீர் கேட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் மேடம் என் பக்கம் திரும்பினார்.

"ஸ்டெல்லா, ஏழாம் எண் யாருன்னு எனக்கு இப்ப தெரிஞ்சுபோச்சு. எத்தனை தடவை?"

"மூணு தடவை, மேடம்."

அவர் ஆஸ்பத்திரிக்குள் திரும்பி நடந்தார். திங்கட்கிழமை பேரேட்டைக் கொண்டுவரச் சொல்லி, நான் 'பிழை' என்று எழுதிய இரண்டு வரிகளையும் என் முன்னாலேயே சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் 'பிழை அல்ல' என்று எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். மிச்சப் பொட்டலத்தைச் சோதனைக்கு அனுப்பினோம். ஸ்டீராய்டு இருந்தது. கிடைக்கார ஆத்தாவும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்து, மேடமே மலையடிவாரத்துக்குப் போய் அவளை டாக்டரிடம் கூட்டி வந்தார். ஏழாம் எண்ணை ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார். அதோடு அந்தக் கத்தரிப்பூ வரிசையும் போனது. சோர்ந்த அணுக்களைச் சீம்பால் துண்டு நிஜமாகவே எழுப்பியதா, அது தற்செயலா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஒரே ஒரு ஆளின் ரத்தத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. மேடத்துக்கு அது பெரிய நஷ்டம்.

பால்பாண்டி, டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வீட்டில் ஓய்வாக இருந்தார். மூன்றாவது வாரம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பண்ணைப்புரத்துக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் வற்றிப் பழைய முகமாகிக்கொண்டிருந்தது. முத்துமாரி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"பொடிய நிறுத்தச் சொன்னது நான்தான். கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க" என்றேன்.

"அதுக்கென்னக்கா, நல்லதுக்குத்தான சொன்னீக. தெரியாமச் சொன்னதுக்கு என்ன பண்ண முடியும்?" என்றார். பிறகு தயங்கிக் கேட்டார். "ஏங்க்கா, என் ரத்தம் சரியில்லண்டு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

போன மாதம் என்று சொல்லியிருக்கலாம். மேடத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, அவரும் சொல்லமாட்டார்.

"ஆடில இருந்து" என்றேன்.

முத்துமாரி தலை நிமிர்ந்து பார்த்தாள். பால்பாண்டி விரல்விட்டு எண்ணினார். ஆடி, ஆவணி, புரட்டாசி. நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "என் கைத் தப்புண்டு நெனச்சேன், பால்பாண்டி. எண்ணும்போது பிசகிட்டேண்டு நெனச்சேன். மேடத்துக்குப் பயந்துக்கிட்டு..." என்று இழுத்தேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கால் பெருவிரலால் தரையைத் தேய்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"மேடத்துக்குப் பயந்தீக, சரி. என்கிட்ட என்ன பயம்? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா. தெனமும் என் பக்கத்து சீட்டுலதான ஒக்காந்து வந்தீக."